ஸ்பானர் பையில் ஒரு தையல்

அத்தியாயம் ஒன்பது

ஊர் அவளை நர்ஸம்மா என்று கூப்பிடும். வீடு அவளை ஆயில் என்று கூப்பிடும். வீட்டுப் பெயருக்குப் பத்தொன்பது வயது. இரண்டுக்கும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கே விட்டோம் என்று மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவின் பழைய டிராக்டர் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டது. மேலே படர்ந்திருந்த கொடியை வெட்ட ஒரு நாள், மண்ணில் புதைந்த டயரைத் தோண்ட ஒரு நாள், வீட்டு முற்றம் வரை இழுத்து வர ஒரு நாள் என்று மூன்று ஞாயிறு அதிலேயே போயிற்று. டேங்கைக் கழுவியாயிற்று. புது பேட்டரி வந்தாயிற்று. டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு சிலிண்டருக்குள்ளும் டீசல் ஊற்றி, ஊறட்டும் என்று விட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. இன்ஜின் மட்டும் மனசு வைக்கவில்லை.

அது ஏன் நின்றது என்பது அந்தக் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. பதினேழு வயதில் ஒரு சாயங்காலம், ஆயில் குச்சியை உருவிப் பார்க்காமல் இவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்ப்பக்கத்து வயலை உழுதாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா வண்டியின் மூக்கில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். சுற்றவில்லை. குச்சியை உருவினார். நுனியில்தான் ஈரம் இருந்தது.

“ஆயில் பாத்தியா?” என்று கேட்டார்.

“பாக்கல” என்றாள்.

வழக்கு அத்துடன் முடிந்தது. விசாரணையும் தீர்ப்பும் சேர்ந்து அரை நிமிஷம் ஆகியிருக்காது. ஆட்டோமொபைல் டிப்ளமோவுக்கு அவள் நிரப்பி வைத்திருந்த படிவத்தை அப்பா கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் கோபம் என்றாவது சொல்லலாம். அலமாரி மேல் வைத்தார். கடைசித் தேதி அங்கேயே கழிந்தது. வண்டியையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் நர்ஸிங் படித்தாள். இன்றைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் திறக்குமுன் கத்தரி எத்தனை, கிடுக்கி எத்தனை, பஞ்சுத்துணி எத்தனை என்று எண்ணுவாள். தைத்து மூடுமுன் மறுபடி எண்ணுவாள். ஒன்று குறைந்தால் பெரிய டாக்டரே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு தடவை பார்க்காமல் விட்டதற்கு ஆயுள் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அவளே தோழிகளிடம் சிரித்துக்கொண்டு சொல்வது உண்டு. வேலையில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு ஒரு மொபெட் கூட ஓட்டியதில்லை. எங்கே போனாலும் பஸ்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று தலையணைக்கு அடியிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஏன் அதைக் கொண்டு வந்தார் என்று யாருக்கும் புரியவில்லை.

“நீ நிறுத்தின வண்டி. நீயே கிளப்பிக் குடு” என்றார்.

அதற்குத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்.

*

இந்த ஞாயிறு அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே அண்ணன் முற்றத்தில் இருந்தான். அண்ணனுக்கு ஜெனரேட்டர் ரிப்பேர் தொழில். கல்யாண மண்டபம், பனிக்கட்டி ஆலை, ஜவுளிக்கடை எங்கே ஜெனரேட்டர் படுத்தாலும் அவனைத்தான் தேடுவார்கள். இருபத்தொரு வயதில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தவன், தன் பெயரில் பலகை மாட்டும் அளவுக்கு வந்துவிட்டான். கை சுத்தம், பேச்சு சுத்தம். இவளை ஆயில் என்று முதலில் கூப்பிட்டவனும் அவன்தான். அதில் வன்மம் கிடையாது. அண்ணன்கள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான், ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு அவன் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை. மத்தியானத்துக்குள் சுற்றாவிட்டால் இன்ஜினைத் திறந்து, பிஸ்டனைக் கட்டை வைத்து அடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றான். அடித்தால் வருமா என்று கேட்டாள். வரும், ஆனால் உடையும், இந்த வண்டிக்கு இனிமேல் எங்கே போய் பிஸ்டன் தேடுவது என்றான். அதாவது இன்றைக்குச் சுற்றாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. அவள் நிறுத்திய வண்டி, நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கும்.

அண்ணி டீ கொண்டுவந்து இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். நர்ஸும் மெக்கானிக்குமாகச் சேர்ந்து இத்தனை வாரம் பிரசவம் பார்த்தாயிற்றே, இன்றைக்காவது குழந்தை அழுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். முன்னறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் அப்பாவின் தோள் தெரிந்தது. அவர் வெளியே வரவே இல்லை. ஆனால் ஜன்னலும் ஒரு நாள் கூட மூடியதில்லை.

வேலை தொடங்குமுன் அவள் அப்பாவின் பழைய ஸ்பானர் பையைத் தரையில் விரித்தாள். பச்சைக் கித்தானில் தைத்த, சுருட்டி வைக்கிற பை. ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஒரு உறை, அளவு வரிசையில் பன்னிரண்டு; ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, இரண்டு அளவு. போன வாரம்தான் பரணில் கிடைத்தது. இந்த வண்டியின் பெரிய நட்டுகளுக்கு அந்த ஸ்பானர்தான் சரியாக உட்காரும் என்று அண்ணன் இதைக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

கை தானாக எண்ணியது. பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். பத்தாவது உறையின் வாய் சாக்கு நூலால் தைத்து மூடியிருந்தது.

“அண்ணா, இருபத்திநாலு - இருபத்தேழு இல்ல.”

“தொலைஞ்சிருக்கும்.”

“உறையத் தைச்சிருக்கே.”

“கிழிஞ்சிருக்கும், தைச்சிருப்பாரு. நீ ஆஸ்பத்திரி கணக்கெல்லாம் இங்க எடுக்காத. அந்தக் கைப்பிடியை எடு.”

எடுத்துக் கொடுத்தாள்.

*

கைப்பிடியை வண்டியின் மூக்கில் செருகி அண்ணன் அழுத்தினான். இரண்டு விரல் அகலம் போயிற்று, நின்றது. திருப்பி மேலே இழுத்தான். இரண்டு விரல், நின்றது. போன வாரமும் இதே கதைதான். துரு பிடித்த இன்ஜின் அப்படித்தான் முரண்டு பண்ணும், பர்னர் வைத்துச் சூடு காட்டினால் வழிக்கு வரும் என்றான்.

அவள் ஒரு சாக்பீஸை எடுத்து முன்னால் இருந்த பெல்ட் சக்கரமான புல்லியில் ஒரு கோடும், அதற்கு நேராக இன்ஜின் உடம்பில் ஒரு கோடும் போட்டாள். இன்னொரு தடவை அழுத்தச் சொன்னாள். நின்ற இடத்தில் ஒரு கோடு. மேலே இழுக்கச் சொன்னாள். அங்கே ஒரு கோடு. அப்புறம் ஐந்து தடவை செய்ய வைத்தாள். ஐந்து தடவையும் கோட்டுக்கு மேல் மயிரிழை நகரவில்லை.

“இது துரு இல்லண்ணா.”

அண்ணன் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். தொழில் தெரிந்தவனிடம் தெரியாதவர்கள் பேசும்போது வருமே, அந்தப் பொறுமை அவன் முகத்தில் வந்தது.

அவள் விடவில்லை. எலும்பு டாக்டரோடு நான்கு வருஷம் நின்றிருக்கிறாள். நாள்பட்டு இறுகிப்போன முழங்காலை மடக்கினால் மெத்தென்று நிற்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். மூட்டுக்கு நடுவில் உடைந்த துண்டு சிக்கியிருந்தால் டக்கென்று நிற்கும், ஒரே இடத்தில் நிற்கும், எத்தனை பலம் போட்டாலும் அதே இடம்தான். இது டக்கென்று நிற்கிறது. உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்றாள்.

“வண்டிக்கு முழங்கால் இல்லம்மா” என்றான் அண்ணன்.

சொன்னானே தவிர, மறுபடி கைப்பிடியைப் பிடித்து, இந்தத் தடவை காதை இன்ஜின் பக்கம் வைத்துக்கொண்டு அழுத்தினான். கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை. அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து, ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம் இருக்கும் கூட்டுக்குள்ளிருந்து வந்தது. இரும்பு இரும்பில் தட்டும் சத்தம், சின்னதாக, சுத்தமாக.

“ஃப்ளைவீல் பக்கம் பாக்கலாம்” என்றான். முழங்காலைப் பற்றி அப்புறம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு, உள்ளங்கை அகலம். ஒற்றை போல்ட்டில் தொங்கும் தகரம்தான் அதற்கு மூடி. தள்ளினால் திறக்கும், விட்டால் தானாக விழுந்து மூடிக்கொள்ளும். இப்போது துருவும் குளவிக்கூடுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் உளியால் தட்டி நெம்பினான். தகரம் பாதி உடைந்து கையோடு வந்தது.

வேலைக்கு எடுத்துப்போகும் சின்ன டார்ச் அவள் பையில் இருந்தது. குனிந்து அடித்துப் பார்த்தாள். வட்டமாகப் பல் வைத்த சக்கரம் தெரிந்தது. பல்லுக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவில், ஒரு நுனி பல்லிடுக்கிலும் ஒரு நுனி சுவரிலுமாக, நீளமாக ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. துரு ஏறியிருந்தாலும் என்னவென்று தெரிந்தது. சாமான் எண்ணுகிறவளுக்குத் தெரியாமல் போகுமா.

“பாரு” என்று டார்ச்சை அண்ணனிடம் கொடுத்தாள்.

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் எழுந்து கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டான். அவள் கையை விட்டு, இடமும் வலமுமாக ஆட்டி, சின்னச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி வெளியே எடுத்தாள். இருபத்திநாலு - இருபத்தேழு.

அண்ணன் கைப்பிடியைச் சுற்றினான். இன்ஜின் சுற்றியது. ஊறிக்கிடந்த டீசல் நாசில் ஓட்டை வழியாகப் புளிச்சென்று அடித்து அவன் சட்டையை நனைத்தது. அவன் நகரவில்லை. ஒரு முழுச் சுற்று, இரண்டு, மூன்று. எங்கேயும் பிடிக்கவில்லை. உராய்வு கூட இல்லை. ஆயில் இல்லாமல் ஓட்டிக் கெடுத்த இன்ஜின் இப்படிச் சுற்றாது. அது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

*

மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான் அது. முன்னால் இருக்கும் புல்லி நட்டை முறுக்கினால் இன்ஜினும் கூடவே சுற்றும். சுற்றாமல் இருக்க, அந்த ஜன்னல் வழியாக ஒரு ஸ்பானரைச் செருகிச் சக்கரத்தை நிறுத்திக்கொள்வார்கள். நட்டு இறுகியதும் ஸ்பானரை எடுத்துவிட வேண்டும்.

அன்றைக்கு எடுக்காமல் விட்ட அண்ணன் வண்டியின் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நீ உழுத மறுநாள் விடியக்காலையில புல்லி ஆடுதுன்னு அப்பா முறுக்கச் சொன்னாரு. முறுக்கிட்டே இருக்கேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புன்னாரு. ஒர்க்‌ஷாப்ல ஆள் எடுக்கற நாள். கையைக் கூடச் சரியாக் கழுவல. ஓடிட்டேன்.”

“திரும்பி வந்தப்போ?”

“ரெண்டு நாள் கழிச்சு வந்தேன். வேலை கிடைச்சிருச்சுங்கற சந்தோஷம். வந்தா நீ ஆயில் பாக்காம இன்ஜினைக் கெடுத்துட்டேன்னு வீடே சொல்லுது. நானும் சேந்து சொன்னேன். சத்தியமா இது எனக்கு ஞாபகமே இல்ல. இப்போ டார்ச் அடிச்சுப் பாத்தப்போதான் மொத்தமும் வருது.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்களை ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருக்கிறாள். சாப்பிடாமல்தான் வந்தேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேஜையில் படுத்து வாந்தி எடுக்கிறவர்கள். இவன் அந்த ரகம் இல்லை. மறந்தேபோனவன்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். முதலில் வந்தது கோபம் இல்லை. உடம்பு லேசாகிவிட்டது. அவளும் தரையில் உட்கார்ந்தாள். நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. யாருடைய கல்யாணத்துக்குப் போனாலும் எவராவது ஒருத்தர் பந்தியில் அந்தக் கதையை எடுப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அம்மாவும் அந்தக் கதையை நம்பிக்கொண்டேதான் கண்ணை மூடினாள்.

“நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்” என்றான் அண்ணன். “நீ சொல்லாத. நான்தான் சொல்லணும்.”

“சொல்லு.”

“அவருக்கு ஆபரேஷன் ஆன உடம்பு. தாங்குவாரா?”

“தாங்குவாரு. நேத்துதான் ரிப்போர்ட் பாத்தேன்.”

அண்ணன் குழாயடிக்குப் போய் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினான். மூன்று தடவை கழுவினான். ஆபரேஷனுக்கு முன் டாக்டர்கள் கூட அவ்வளவு நேரம் எடுக்க மாட்டார்கள். அப்புறம் உள்ளே போனான்.

*

அவள் ஸ்பானரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தாள். துரு இறங்க, உள்ளே இரும்பு நன்றாகவே இருந்தது. துடைத்தாள். எடுத்த சாமானை இருந்த இடத்தில் வைக்க வேண்டும், அது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். பையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பத்தாவது உறை தைத்துக் கிடந்தது.

கைப்பையில் கத்தரி இருந்தது. நூலை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

தையலைப் பார்த்தால் அவளுக்குக் கை தெரியும். இந்த டாக்டர் போட்டது, அந்த டாக்டர் போட்டது என்று முடிச்சை வைத்தே சொல்வாள். இது அப்பா போட்டது. அவர் இடது கைக்காரர், அவர் தைக்கும் சாக்குகளில் நூல் மறுபக்கமாகச் சாய்ந்திருக்கும். மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு, தானிய மூட்டை பிரியாமல் இருக்க. பத்தொன்பது வருஷம் கழித்தும் ஒரு முடிச்சு கூட நெகிழவில்லை.

நூல் முழுக்க வந்ததும் உறையை விரித்துப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு நாலு பக்கமும் தடவினாள். கிழிசல் இல்லை. ஒரு இழை கூட விட்டிருக்கவில்லை. உள்பக்கம் துணி கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த பச்சையில் இருந்தது. மற்ற உறைகள் எல்லாம் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தன.

கிழியாத உறையை எதற்குத் தைத்தார்?

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அப்பா தினமும் இருட்டுமுன் இந்தப் பையை விரித்து விரலால் தடவி எண்ணுவார். ஒரு தடவை சின்ன ஸ்பானர், பத்து - பதினொன்று, காணாமல் போனது. இரண்டு நாள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. வைக்கோலைச் சலித்தார்கள், சாக்கடையைத் தோண்டினார்கள், கடைசியில் அம்மாவின் உப்பு ஜாடிக்குப் பின்னால் கிடைத்தது. எண்ணுகிற புத்தி அவளுக்கு ஆஸ்பத்திரியில் வந்ததில்லை. இவரிடமிருந்துதான் வந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இருபத்திநாலு - இருபத்தேழு காணோமே என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டதாக அவளுக்கு நினைவில்லை, அண்ணனும் சொன்னதில்லை. ஒரு ஆளை அழைத்து வண்டியைக் காட்டவும் இல்லை. கொட்டகைப் பக்கம் யாரையும் விடவும் இல்லை. ஊசியை எடுத்து, காலி உறையைத் தைத்து மூடிவிட்டார். திரும்பி வராது என்று தெரிந்த சாமானுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது வந்தது கோபம்.

முன்னறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. அண்ணன் சொல்லி முடித்திருந்தான். குரல் உடைந்திருந்தது, அழுதிருப்பான். அவள் நூல் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு அப்போதே தெரியும் என்று அவர் சொல்லிவிட்டால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“அப்படியா?” என்றது அப்பாவின் குரல். “எனக்கு எப்படிடா தெரியும்? அது எங்கயோ தொலைஞ்சுதுன்னு நினைச்சேன்.”

நல்ல நடிப்பு. கேட்கிறவன் மகனாக இருந்தால் நம்பத்தான் செய்வான்.

*

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். வரும்போதே பத்து வயது குறைந்திருந்தது. அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, தோளில் தட்டிக் கொடுத்தார், பாவம் அவருக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை என்றான். அப்புறம் கேட்டான். ஒழுங்காக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

பரவாயில்லை என்று அவள் சொன்னாள். அவனைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவசரத்தில் ஒரு சாமானை உள்ளே வைத்து மறந்தவன் அவன். அப்படி மறக்கிற டாக்டர்களைத் திட்டியிருக்கிறாள், வெறுத்ததில்லை.

அவன் கண்ணில் நீரோடேயே தன் சாமான் பெட்டியைத் திறந்து நாசில்களை மாட்ட உட்கார்ந்தான். இதை மாட்டிவிட்டு, டீசல் குழாயில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டால் போதும், அரை மணி நேரத்தில் நீ சாவியைத் திருகலாம் என்றான். உள்ளே பார்த்து அண்ணிக்கும் குரல் கொடுத்தான்.

அவள் பன்னிரண்டு ஸ்பானரையும் உறையில் செருகினாள். இருபத்திநாலு - இருபத்தேழு தன் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பையைச் சுருட்டவில்லை. விரித்தபடியே தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். விளிம்பில் வைத்தாள். பத்தாவது உறை அவர் கண்ணுக்கு நேராக இருக்கும்படி வைத்தாள். பக்கத்தில் வெட்டின நூலையும் வைத்தாள்.

அப்பா பையைப் பார்த்தார். விரலால் தடவவில்லை, எண்ணவில்லை. பார்வை நேராக அந்த உறைக்குப் போய் நின்றது.

“பிரிச்சுட்டியா” என்றார்.

“ம்.”

அவர் அவளைத் தாண்டி முற்றத்தைப் பார்த்தார். அங்கே அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நாசிலை முறுக்கிக்கொண்டிருந்தான். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

அவளிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. எப்போது தெரிந்தது, அன்றைக்கே தெரிந்ததா, அந்தப் படிவம் அலமாரி மேல் இருந்தபோது தெரிந்திருந்ததா, அம்மாவுக்காவது சொன்னீர்களா. ஒரு ஸ்பானரை வெளியே இழுக்க ஒரு நிமிஷம் ஆகும். இழுத்திருந்தால் வண்டி ஓடியிருக்கும். ஒரு வண்டியையே மண்ணுக்குக் கொடுக்கிற அளவுக்கு அப்படி என்ன?

ஒன்றையும் அவள் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றாரே தவிர, உன் மேல் பழி விழுந்ததே என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அது போதுமாக இருந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து ஸ்பானர் பை மேல் வைத்தாள்.

“இந்த வண்டிய நான் நிறுத்தலப்பா” என்றாள். “நிறுத்தினவங்க கிளப்பட்டும்.”

குழாயடியில் கை கழுவினாள். ஒரு தடவைதான் கழுவினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். நாளைக்குக் காலையில் அவளுக்கு இரண்டு ஆபரேஷன் இருந்தது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். என்ன நடந்தது என்று புரியாமல், கையில் ஸ்பானரோடு எழுந்து நின்றான்.

“ஆ...” என்று கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். வேறு என்ன சொல்லி அவளைக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக அந்த ஒரு பெயர்தான் அவன் வாயில் இருந்தது.

அவள் கேட் வரை போய் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் பை வைத்தது வைத்தபடி இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. சாவியைக் காணவில்லை.